மருந்து எத்தனை லிட்டர்?

மார்கழி மாதம், காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. பேசியவர் ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சரஸ்வதியம்மா. முந்தின நாள்தான் அவருடைய தீவனக் குடோனுக்கு எங்கள் ரெடிமிக்ஸ் பிளான்டிலிருந்து இரண்டு மிக்சர் லாரி கான்கிரீட் அனுப்பி, கூரை ஸ்லாப் போட்டிருந்தார்கள்.

“ஏனுங்க மேடம், உங்க காங்கிரீட்டு பாதி கல்லாட்டங் கெடக்குது, பாதி கேசரியாட்டங் கெடக்குது. வந்து பாருங்க.”

அந்த பிளான்டில் லேப் பொறுப்பு என்னுடையது. போய்ப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். முதல் லாரி கொட்டிய பாதி இறுகியிருந்தது. இரண்டாவது லாரி கொட்டிய பாதியில் கட்டைவிரல் இறங்கியது. நான் விடுவேனா? “பிளான்ட்ல ரெண்டு லாரிக்கும் கியூப் எடுத்து வெச்சிருக்கேம்மா. ரெண்டுமே நல்லா இறுகிடுச்சு” என்றேன். கியூப் என்பது சோதனைக்காக அதே கலவையை அச்சில் வார்த்து வைக்கும் சின்னக் கட்டி.

“கியூப்பு எனக்கெதுக்குங்க? கியூப்புக்குக் கீழயா நான் மூட்டை அடுக்கப் போறேன்?”

இன்னும் நாலு இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்தேன்.

ஸ்லாப் போட்ட மேஸ்திரிக்குக் காரணம் ரெடியாக இருந்தது. “சாம்பலைக் கலந்தா இப்பிடித்தானுங்க ஆகும். இப்பவே மம்பட்டில வழிச்சுப் போட்ரலாம். இறுகிட்டா அப்புறம் பிரேக்கர் வெச்சு ஒடைக்கோணும்.”

சாம்பல் என்று அவர் சொன்னது ஃபிளை ஆஷை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் நைசான தூள். சிமென்டில் கால் பங்கைக் குறைத்து அதைச் சேர்க்கிறோம். ஆரம்பத்தில் நிதானமாகத்தான் வலு ஏறும், போகப்போக நன்றாக ஏறும். ஆனால் சாம்பல் இரண்டு லாரியிலும் ஒரே அளவு. அதுதான் குற்றவாளி என்றால் முதல் பாதி எப்படி இறுகும்?

வேறென்ன காரணம்? எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே ஏதாவது ஆகாத பொருள் விழுந்திருந்தால் அந்தக் கான்கிரீட் கடைசிவரை வலுப்பெறாமலே போகலாம். காரணம் தெரியாமல் “காத்திருங்கள்” என்று சொல்லி, நாளைக்குக் கூரை ஆள்மேல் இறங்கினால் யார் பதில் சொல்வது? சரஸ்வதியம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: “வழிக்கறதா, உடறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வழித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கீழே ஒரு மொபெட் வந்து நின்றது. இரண்டாவது லாரியின் டிரைவர் பழனிச்சாமி. அன்று அவருக்கு லீவு. பிளான்டில் யாரோ போனில் சொன்னதைக் கேட்டுக் கிளம்பி வந்திருக்கிறார்.

“மேடம், மேஸ்திரி காங்கிரீட்டு கெட்டியா இருக்குது, தண்ணி ஊத்துன்னாருங்க. நீங்கதான சொல்லியிருக்கீங்க, தண்ணி கேட்டா ஊத்தாத, மருந்து ஊத்துன்னு. கேன் முழுக்க ஊத்திப்போட்டனுங்க.”

எங்கள் தொழிலில் சூப்பர் பிளாஸ்டிசைசருக்கு மருந்து என்றுதான் பெயர். தண்ணீரைக் கூட்டாமலே கான்கிரீட்டை இளக்கி ஓட வைக்கும் திரவம். பிளான்டிலேயே அளவாகச் சேர்த்துத்தான் அனுப்புவோம். வழியில் இறுகினால் இரண்டு மூன்று லிட்டர் ஊற்றிச் சுற்றவிட, லாரியில் ஒரு இருபது லிட்டர் கேன் இருக்கும். அளவு மீறினால் இறுகும் நேரம் தள்ளிப்போகும். மார்கழிக் குளிரில் இன்னும் தள்ளிப்போகும். கியூப்பை நான் பிளான்டிலேயே எடுத்துவிட்டதால், சைட்டில் ஊற்றிய மருந்து அதில் இல்லை.

அவரிடம் மருந்து ஊற்று என்று சொன்னவள் நான். எத்தனை லிட்டர் என்று சொல்லாதவளும் நானேதான்.

கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் அடிவரை தோண்டிப் பார்த்தேன். ஜல்லி கீழே தங்கவில்லை, கலவை பிரியவில்லை; பிரிந்திருந்தால்தான் ஸ்லாப் வீண். உயிர் வந்தது. “வழிக்க வேண்டாம்மா. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்க. அடியில தாங்கி நிக்கிற முட்டு எதையும் எடுக்கக் கூடாது, மேலே யாரும் ஏறக் கூடாது. மருந்து கூடிப்போச்சு, அவ்வளவுதான்” என்றேன்.

சரஸ்வதியம்மா என்னையும் பழனிச்சாமியையும் மாறி மாறிப் பார்த்தார். “கோழிக்குத் தண்ணியில மருந்து கூடிப்போனா மயங்கிக் கெடந்துட்டு எந்திரிக்குமே, அந்த மாதிரிங்களா?”

“அதே மாதிரிதாம்மா.”

“அப்ப இருக்கட்டும். ஆனா மேடம், எங்க பண்ணையில மருந்துன்னு எழுதுனா பக்கத்துல அளவு எழுதாம உடமாட்டோம்.”

இத்தனை வருட சர்வீசில் இப்படி ஒரு குட்டு நான் வாங்கியதில்லை. அதைத் தந்ததற்காக அந்த அம்மாவுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை ஷீட்டை விலக்கி ஆணியால் கீறினேன். ஆணிதான் வழுக்கியது. இருபத்தெட்டு நாள் கழித்து இரண்டு பாதியிலும் துளை போட்டு, கோர் என்கிற உருளைத் துண்டு எடுத்து மிஷினில் வைத்து நசுக்கினோம். இரண்டும் பாஸ். அதற்கப்புறம்தான் முட்டு எடுக்கச் சொன்னேன்.

மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். “டிரைவர் தப்புதானே?” என்றார். தவறு என்ற இடத்தில் என் பெயரை எழுதி, “மருந்து என்று சொன்னேன், அளவு சொல்லவில்லை” என்று கொடுத்தேன். அன்று முதல் கியூப்பை சைட்டில்தான் எடுக்கிறேன்.

பழனிச்சாமியிடம் அன்று யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. வீட்டில் படுத்திருந்தால் பழி சாம்பல் தலையில் விழுந்திருக்கும், நல்ல ஸ்லாப் குப்பைக்குப் போயிருக்கும். வேலை போகும் என்று பயந்துகொண்டேதான் வந்தேன் என்று பின்னால் சொன்னார்.

இப்போதும் சைட்டிலிருந்து அவர் போன் வரும். “மேடம், மருந்து கேக்கறாங்க. எத்தனை லிட்டருங்க?” கேனில் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.