பழனிக்கும் லீவு, பதினாறாம் வாய்ப்பாட்டுக்கும் லீவு

நாமக்கல் பக்கத்துக் கிராமப் பள்ளியில் நான் ஒற்றை வாத்தியார். பிள்ளைகளை நால்வர் நால்வராகக் குழு பிரித்து, ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். வகுப்பில் சண்டையில்லை, எனக்கும் தொண்டை வற்றவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டிருந்த சமயத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் எழுதும் குறிப்பை நம்பித்தான் என் வேலை.

“ஏழு பதினாறு எவ்வளவு?” என்று முன்வரிசையில் இருந்த மாணவி மாராயியைக் கேட்டார்.

“அது என்னோட மொறை இல்லீங்க. பதினாறாம் வாய்ப்பாடு பழனியோடதுங்க. எங்க கெணத்துல ஆளுக்கொரு நாளு தண்ணி எறைக்கறாப்பல, வாய்ப்பாட்டையும் பங்கு போட்டுக்கிட்டமுங்க.”

“பழனி எங்கே?”

“கடலைக்காய் புடுங்கப் போயிட்டானுங்க.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துகொண்டே, “நீராவது சொல்லும், வாத்தியாரே” என்றார். பயத்தில் எனக்கும் பதினாறாம் வாய்ப்பாடு மறந்துவிட்டது.

“ஓஹோ, நீரும் இந்தக் குழுதானோ?” என்று அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் பேனாவை மூடி, அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். பிழைத்தேன்.

அன்று முதல், ஒருவர் படித்ததை அதே குழுவில் இன்னொருவரிடம்தான் கேட்கிறேன். சொல்லத் தெரியாவிட்டால் நால்வரும் திரும்ப உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுத்த மாதமும் பழனி வரவில்லை. மாராயி பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். இன்ஸ்பெக்டர் நல்லபடியாகவே எழுதினார். நானும் நெட்டுருப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். என்னைத்தான் அவர் கேட்கவே இல்லை.