ஒரு சாண் மூலை

தைத்து முடித்து அறுத்த நூல் துணுக்கை ஜெயராணி அக்கா கீழே போடமாட்டார். பல்லால் கடித்து அறுப்பார். உதட்டில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலால் எடுத்து, உள்ளங்கையில் உருட்டி மிளகு அளவுக்கு ஆக்குவார். பிறகு மடியில் கிடக்கும் போர்வையின் மூலையைத் தேடி, அங்கே தைக்காமல் விட்டிருக்கும் ஒரு சாண் திறப்புக்குள் ஆட்காட்டி விரலால் அதைத் தள்ளுவார். தள்ளிய இடத்தை வெளியிலிருந்து ஒருமுறை தடவிக்கொடுப்பார். பேச்சு அது பாட்டுக்கு நடக்கும். கண் அந்தப் பக்கம் போகாது. விரலுக்கே வழி தெரியும்.

பாலக்கோட்டில் என் நூல்கடைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் வீட்டு முன்வாசலில் போட்ட தகரக் கூரையின் நிழல் மதியத்துக்கு மேல் என் கடைக்குள்ளும் கொஞ்சம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மூன்று பெண்கள் உட்கார்ந்து போர்வை தைத்தார்கள். தைத்தார்கள் என்றுதான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பிறந்தவர். கணவர் இன்னாசி கரும்பு லாரி ஓட்டினார். ஒரு மாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழவில்லை. அதன்பின் அக்கா கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்குப் போனார். அங்கே சட்டைக் காலர் மட்டும் தைத்தார். வருடக்கணக்கில் காலர். முழுச் சட்டை ஒன்றைக்கூடத் தன் கையால் முடித்துப் பார்த்ததில்லை என்பார். தோள்பட்டை தூக்க முடியாமல் போனதும் நின்றுவிட்டார். மகன் அந்தோணி பிரகாஷ் பெங்களூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போன் வரும்.

ஆக அவருக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பாயை விரித்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் ராமக்காள் வருவார். தக்காளித் தோட்டக்காரர் வீட்டுப் பெண்மணி, அக்காவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். பழைய சேலைகளை அடுக்கி மேலே ஒட்டுத்துணி வைத்துத் தைக்கும் போர்வையை அவர் ‘கவுதி’ என்பார். கேட்டுக் கேட்டு மற்றவர்களும் கவுதி என்றே சொன்னார்கள். கடைசியாக மூவரில் இளையவளான சுகுணா, கம்பெனிக் கழிவுத்துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வரும்போதே சத்தமாக வருவாள்.

தைத்த எதையும் அவர்கள் விற்றதில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கா எல்லோருக்கும் ஊசி செருகி வைக்கும் சின்னப் பை கொடுப்பார். யுகாதிக்கு ராமக்காள் தலையணை உறை கொண்டுவருவார். கவுதி மட்டும் பெரிய விஷயம். சுகுணாவுக்குக் குழந்தை பிறந்தபோது ஒன்று, அக்காவின் தோளுக்கு வைத்தியம் நடந்தபோது ஒன்று. கொடுப்பவர்கள் ஒவ்வொருவரும் தான் உடுத்திக் கழித்த சேலையிலிருந்து ஒரு துண்டு வைக்க வேண்டும். ஓரமெல்லாம் தைத்து, ஒரு மூலையில் மட்டும் ஒரு சாண் விட்டுவிட வேண்டும். தைத்தவர்களின் நூல் துணுக்கெல்லாம் அதற்குள் போகும். வாங்குகிறவள் தன் நூலில் ஒரு துணுக்கைப் போட்டுத் தன் கையால் அதை மூடிக்கொள்வாள்.

“இந்தக் கவுதிய ஒதறினா தம்பி கடையே கொட்டும் போலக்கீதே” என்பாள் சுகுணா.

“ஒதறிப் பாரு. உன் வாயத்தான் மொதல்ல உள்ள வெச்சித் தைக்கணும்” என்பார் ராமக்காள்.

“தைச்சிட்டா ஊரு நாயம் ஆரு சொல்றது ஆத்தா உனுக்கு?”

இவர்களோடு முன்பு தைத்துக்கொண்டிருந்த செல்லம்மாள் இறந்தபோது, அவருக்காகத் தைத்துக்கொண்டிருந்த கவுதி பாதியில் நின்றது. அன்றைக்கு ராமக்காள்தான் அவசர அவசரமாக அதை முடித்து, மூலையையும் தானே மூடி, எடுத்துப்போய்ப் போர்த்தினார். வந்து உட்கார்ந்து சொன்னார்: “செத்தவங்களுதுதான் அடுத்தவங்க மூடறது. உசுரோட இருக்கறவங்களுது மூடக்கூடாது.”

போன வருடம் ராமக்காளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சேலத்துக்குக் கூட்டிப்போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முடி கொட்டியதைப் பற்றி அவரே கேலி பேசினார். “பேன் தொல்ல தீந்துச்சி” என்றார். விரல்களைப் பற்றித்தான் பேசவில்லை. மருந்து ஏற ஏற விரல் நுனி மரத்துப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசியை எடுத்துத் துணியில் குத்தியவர், தன் விரலிலேயே குத்திக்கொண்டு தெரியாமல் தொடர்ந்து தைத்தார். வெள்ளைத் துண்டில் சிவப்பு பரவியதை சுகுணா முதலில் பார்த்தாள். அக்காவின் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். அக்கா மெதுவாக அந்தத் துணியை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

“இன்னிக்கி வெளிச்சம் பத்தலக்கா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ராமக்காள் வெயிலைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

“ஆமாமா, பத்தல” என்றார். எழும்போது, “எனுக்கு ஒண்ணு தைக்கறீங்கதானே? கருநீலத்துல பார்டர் வையி ராணி. எல்லாருக்கும் தைச்சன், எனுக்குன்னு ஒண்ணு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப்பின் அவர் வரவில்லை.

அக்காவும் சுகுணாவும் தைத்தார்கள். நாள் பார்க்காமல் தைத்தார்கள். அக்கா தன் கல்யாணச் சேலையின் முந்தானையை வெட்டினார். ராமக்காளின் ரத்தம் பட்ட அந்த வெள்ளைத் துண்டைத் துவைத்து, கறை போகாததால் மடித்து நடுவில் வைத்து மேலே பூத்துணியால் மூடினார். எல்லாம் முடிந்து ஒரு சாண் மூலை மட்டும் நின்றபோது அக்காவின் கை நின்றுவிட்டது.

“தொறந்தே குடுத்தா, அதப் பாத்துக்கினே கெடப்பாங்க சுகுணா. கை வராதுன்னு அதுவே சொல்லிக் காட்டும்” என்றார்.

“மூடிடாதக்கா. ஆத்தா சொன்னது மறந்துட்டியா?”

“மறக்கல.”

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்து, இழுத்தால் அறாத நூல் கேட்டார். கருநீலத்தில் பை தைக்கிற நூல் இருந்தது. நுனியைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தார். விரலில் கோடு விழுந்தது, நூல் அறவில்லை. அதைக் கொண்டுபோய் அந்த ஒரு சாணையும் பெரிய பெரிய தையலாக, இறுக்காமல் ஓட்டினார். தொடங்கிய இடத்தில் மட்டும் முடிச்சு, முடிவில் போடவில்லை. நூலின் நுனியை ஒரு முழத்துக்கு வெளியே தொங்கவிட்டார். அதைப் பிடித்து இழுத்தால் மூலை தானாக மூடிக்கொள்ளும். ஊசி பிடிக்க வேண்டாம், விரல்கூட வேண்டாம், மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுக்கலாம். இழுப்பது ராமக்காளின் கை. அப்படியானால் மூடியதும் அவர்தான்.

“எப்படி தம்பி?” என்று தன் முன்வாசலில் நின்றபடியே தூக்கிக் காட்டினார். தள்ளி நின்று பார்த்தால் மூடிய மூலை போலத்தான் தெரிந்தது. நல்லாயிருக்குங்க என்றேன். அவர் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

எடுத்துப்போன நேரத்தில் ராமக்காள் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மருமகள் பானுமதி வாங்கி வைத்துக்கொண்டாள். மாமியாரின் விரல் வேலை செய்யாது என்பதை மருமகளிடம் விளக்கிக்கொண்டிருக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. “அந்த நூலு அப்பிடியே இருக்கட்டும்மா. உங்க அத்தை பாத்துக்குவாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து மகன் கிருஷ்ணப்பன் வண்டியில் வந்தார். இறங்கவில்லை. பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்த பையை அக்காவிடம் நீட்டினார்.

“அம்மா வாணாம்னுட்டாங்க.”

“ஏன் தம்பி? என்னா சொன்னாங்க?”

“வாணாம்னாங்க. அவ்ளோதான். தப்பா நெனைக்காதீங்க.”

வண்டி போனபிறகு அக்கா நின்றபடியே பையைப் பிரித்து மூலையைத் தேடினார். தொங்கவிட்ட நூல் இல்லை. துணியை ஒட்டி, கத்தரியால் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. அக்கா அந்த வெட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றார். தெருவில் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

ஒருமுறை நேரில் போனார். தூங்குகிறார்கள் என்று கிருஷ்ணப்பன் வாசலிலேயே சொன்னார். இன்னொரு முறை போனபோது வீடு பூட்டியிருந்தது, சேலத்துக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்து ராமக்காள் ஆம்புலன்ஸில்தான் திரும்பினார்.

சாவுக்குக் கிளம்பும்போது சுகுணா சொன்னாள்: “கவுதிய எடுத்தாக்கா. போத்திடலாம்.”

“உசுரோட வாணாம்னாங்க. இப்ப வாயில்லன்னு போத்தச் சொல்றியா?”

“கோவத்துல சொல்லியிருக்கும். ஆத்தா கோவம் நமக்குத் தெரியாததா?”

“நூல அறுத்துட்டாங்க சுகுணா. எதுக்கு விட்டிருக்கறன்னு அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சிதான் அறுத்தாங்க.”

அக்கா வெறுங்கையோடு போய்ப் பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு சுகுணா மூட்டையோடு வந்து பார்த்தாள். பாய் விரிக்கப்படவில்லை. சிறிது நேரம் நின்று என் கடையில் ஒரு ஊசிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு அவளும் வருவதில்லை. கவுதி பீரோவுக்கு மேல் பையோடு இருக்கிறது. அக்கா பள்ளிக்கூடச் சீருடைக்குப் பட்டன் கட்டித் தருகிறார். நூலைக் கடித்து அறுத்து, துணுக்கைக் கீழே துப்பிவிடுகிறார். சாயங்காலம் பெருக்கும்போது அவை துடைப்பத்தில் சுற்றிக்கொள்கின்றன.

பானுமதி என் கடைக்குச் சேலைக்கு ஃபால்ஸ் வாங்க வந்தது இந்த மாதம்தான். கலர் பார்த்துக்கொண்டே பக்கத்து வாசலை எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“அந்த அக்கா வூட்லதான் இருக்கறாங்களா?”

“இருக்காங்க.”

“அன்னிக்கி அந்தக் கவுதிய நாந்தான் மொதல்ல பிரிச்சேன் தம்பி. நூலு ஒண்ணு நீட்டிக்கினு இருந்துச்சி, அசிங்கமா. சரி, அத்தைக்குக் காட்டறதுக்கு முன்ன சுத்தமா இருக்கட்டுமேன்னு வெட்டி வுட்டேன். அப்பறம் இவரு வந்து பாத்தாரு. மூல மூடியிருக்குதேன்னு பயந்துட்டாரு. பொணத்துக்குத் தைக்கற மாதிரி தைச்சிருக்கறாங்க, எங்கம்மா கண்ணுல படக்கூடாதுன்னு அப்பவே எடுத்துனு போயிட்டாரு.”

அவள் ஒரு கருநீல ஃபால்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அத்தைக்கு ஒண்ணுமே தெரியாது. கடைசி வரைக்கும் கேட்டுனே இருந்தாங்க, ராணி இன்னும் கொண்டாரலியா, எனுதுன்னா மட்டும் இவ்ளோ நாளான்னு.”