கட்டினால்தான் வெட்டு

மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிடுவார் கிளையார். வண்டியை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்ப்பார். துணிக்கொடி எந்த மூலையில், மின்கம்பி எவ்வளவு தூரத்தில், நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்து விட்டிருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்கே என்று ஒரு சுற்று வருவார். வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்து பொறுமை இழந்து, "மரம் அந்தப் பக்கம் இருக்குங்க" என்று கைகாட்டுவார்.

"இருக்கட்டுங்க, அது எங்கயும் ஓடிடாது. மரத்தை யார் வேணும்னாலும் பாக்கலாம். விழற இடத்தைப் பாக்கறதுக்குத்தான் நான்."

வயது ஐம்பத்து நான்கு. சொந்தத் தொழில். ஒரு பழைய வேன், ஒரு இயந்திர வாள், இடுப்புப் பட்டை, நான்கு கயிறு, கீழே நின்று கயிறு பிடிக்க ஒரு மைத்துனர், இவ்வளவுதான் நிறுவனம். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மீசை. ஊரில் எந்த மரத்தில் ஒரு கிளை அரை அடி நீண்டாலும் பொறுக்க மாட்டார். சொந்த மீசையில் மட்டும் கத்திரி படவிட்டதில்லை. காலைத் தேநீரில் பாதியை அவர் குடிக்கிறார், மீதியை மீசை குடிக்கிறது என்பது மனைவியின் கணக்கு.

மனைவிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஆபீஸ்'. வாடிக்கையாளர் எவராவது பேரம் பேச ஆரம்பித்தால், "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேங்க" என்பார். ஆபீஸ் முன்னறையில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, "விலையெல்லாம் குறையாதுங்க. வேணும்னா ரெண்டு கிளையைக் குறைச்சுக்கலாம்" என்று சொல்லிவிடும். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற மரக்காரர்கள் யோசனை கேட்டு அழைப்பார்கள். கிளையாருக்கு அது தேனும் பாலும். தட்டில் சோறு காய, வகுப்பு நடக்கும். "வேலைக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துடு. கூரை ஓடு போன வருஷமே உடைஞ்சதுன்னு அப்புறம் நீ சத்தியம் பண்ண வேண்டியதில்லை." "தூறல் விழுந்தா ஏறாதே. வாடிக்கை போனா வரும், இடுப்பு போனா வராது." "வாள் பிடிக்கிறதை எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். கடைசியில தெருவைப் பெருக்கிக் குடுத்துட்டு வா, அதைத்தான் பத்து வருஷம் சொல்லுவான்." "பெரிய வேலை வந்தா வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ. அங்க போய் மரத்துக்கு வக்கீல் ஆகாதே."

கடைசி யோசனையைக் கேட்டதும் முன்னறையில் தையல் இயந்திரம் நிற்கும். "ஊருக்குத்தான் உபதேசம்!" என்று ஒரு குரல் வரும். இயந்திரம் மறுபடி ஓடும்.

அவருடைய தொழில் சட்டத்தில் முதல் விதி ரிப்பன். எதை வெட்ட வேண்டுமோ அதில் வீட்டுக்குச் சொந்தக்காரர் தன் கையாலேயே சிவப்பு ரிப்பனைக் கட்ட வேண்டும். கிளை என்றால் கிளையில், முழு மரம் என்றால் அடிமரத்தைச் சுற்றி. கட்டினால்தான் வெட்டு. ஒட்டுப்போட்ட ரிப்பன் செல்லாது, வேறொருவர் கட்டினாலும் செல்லாது. தொழில் தொடங்கிய புதிதில் ஒருவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு, "இடதுபக்கத்து மரத்தை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கிளையார் வாசலில் வீட்டைப் பார்த்து நின்று, தன் இடதுபக்கம் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்காரர் திரும்பியபோது காய்த்துக் குலுங்கிய எலுமிச்சை விறகாகக் கிடந்தது. பட்டுப்போன மரம் பத்திரமாக நின்றது. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பிறகு வந்தது இந்த விதி. ரிப்பன் வெட்டித் தருவது ஆபீஸ்.

போன மாதம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இருபத்தாறு மரங்கள், ஆண்டு முழுவதும் பராமரிப்பு. ஆபீஸ் போனை வைத்துவிட்டு, இருபத்தாறு என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். இவர் ஒவ்வொரு நாளும் எங்கோ ஓர் உச்சாணிக் கொம்பில் தொங்கிக்கொண்டிருக்க, ஒவ்வொரு போன் மணிக்கும் விழுந்துவிட்டாரோ என்றுதான் அவளுக்குத் தோன்றும். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒப்பந்தம் வந்துவிட்டால் கண்ட இடத்தில் உயரம் ஏற வேண்டாம். பாதி நாள் தரையில் நின்றே பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். குடியிருப்பின் செயலாளருடைய கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. பறவைகள் அவர் காரைத் தேர்ந்தெடுத்து எச்சமிடுகின்றன. முதலில் அந்த மரம் அடியோடு போக வேண்டும், பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

"மரம் நல்லா இருக்கு" என்றார் கிளையார், போய்ப் பார்த்துவிட்டு வந்து. "ஒரு சொத்தை கிடையாது."

"சுத்தளவு எவ்வளவு?" என்றாள்.

"எட்டு முழம்."

அவள் பத்து முழம் ரிப்பன் வெட்டி, சுருட்டி, அவர் கையில் வைத்தாள். "வாயைத் திறக்கக் கூடாது. வேணாம்னு நீங்க சொன்னா, நாளைக்கே வேற ஆள் வந்து வெட்டிட்டு ஒப்பந்தத்தையும் வாங்கிட்டுப் போவான். மரமும் போச்சு, நாமளும் போனோம்."

"நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் கிளையார். அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் விலைப்பட்டியல் கோப்பை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. சட்டை மடிப்பு கலையாத மனிதர். ரிப்பனை வாங்கி ஒரு நுனியை மரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். ரிப்பன் எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது. இழுத்துப் பார்த்தார். மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு, கன்னத்தைப் பட்டையில் பதித்து, இரண்டு கைகளையும் விரித்து எக்கினார். அப்போதும் எட்டவில்லை.

"வேற ரிப்பன் குடுங்க."

"இன்னிக்கு இதுதாங்க இருக்கு" என்றார் கிளையார், மரத்தின் உச்சியைப் பார்த்தபடி.

ஆபீஸ் அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு எதையாவது சேர்த்துக் கட்டிடறேன்."

"ஒட்டுப்போட்டா செல்லாதுங்க. விதி."

செயலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடியும் கட்டிப்பிடித்தார். இதற்குள் காய்கறிப் பையோடு வந்த இருவர் நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கினார். இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. அது செயலாளருடைய சொந்த சமையலறை ஜன்னல்.

"அங்க என்ன பண்றீங்க?" என்று அவர் மனைவி கேட்டார்.

"மரத்தை... ரிப்பன்..." என்றார் செயலாளர், பட்டையில் வாய் உரச.

"முப்பது வருஷத்துல என்னையே நீங்க இப்படிக் கட்டிப்பிடிச்சதில்லையே!"

காய்கறிப் பைகள் குலுங்கின. விஷயம் என்னவென்று விசாரித்ததும் ஜன்னலின் குரல் மாறியது. "வெட்டப் போறீங்களா? வெட்டுங்க. உங்க கார்ல எச்சம் விழாது, என் அடுப்படியில வெயில் விழும். நாளையிலேர்ந்து நீங்களே வந்து நின்னு சமைங்க." சைக்கிள்காரர் தன் வண்டி நிழல் என்ன ஆவது என்று கேட்டார். காய்கறிப் பைகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

செயலாளர் மரத்தை விட்டு விலகி, சட்டையைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார். கிளையாரின் ஏணியில் இரண்டு படி ஏறி, தன் காருக்கு நேர் மேலே நீண்டிருந்த ஒற்றைக் கிளையில் ரிப்பனைக் கட்டினார். "நான் ஆரம்பத்துலேர்ந்து இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

"ஆமாங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார் கிளையார், ஒரு நொடிகூட யோசிக்காமல். அரை மணியில் கிளை தரையில் இருந்தது. போகும் முன் கார் நிறுத்துமிடம் முழுவதையும் பெருக்கினார். காரையும் துடைத்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் பதில் இல்லை. அந்த ஒரு வாரமும் ஆபீஸ் ஒவ்வொரு போனையும் முதல் மணியிலேயே எடுத்தாள். கிளையாரின் மதிய வகுப்புகள் ரத்தாயின. எட்டாம் நாள் காலையில் ஒப்பந்தம் வந்தது. செயலாளர் கையெழுத்துக்குக் கீழே, நிழலில் சைக்கிள் நிறுத்துகிறவர் உட்படக் குடியிருப்புக் குழுவினர் அனைவரின் கையெழுத்தும் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் துணி துவைக்க எடுத்தபோது அவருடைய வேலைச் சட்டைப் பையில் ஏதோ சுருண்டிருந்தது. உருவினாள். சிவப்பு ரிப்பன். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து அளந்தாள். சரியாக மூன்று முழம். ஒரு முனையில் அவளுடைய கத்திரியின் நேர்வெட்டு. மறு முனையில் மரம் அறுக்கும் கத்தியின் பிசிறு.

கிளையார் முன்னறை நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, குறட்டை விடாமல் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை இல்லாவிட்டால் அவர் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய வேலையை ஒரு துண்டு ரிப்பனில் வைத்துச் சூதாடியிருக்கிறார் மனிதர். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் குனிந்து, அந்த ரிப்பனை அவர் மீசையின் வலது நுனியில் தன் கையாலேயே சுற்றி, இறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தாள். கத்திரி இரண்டு முறை வாய் திறந்து மூடும் ஓசை கேட்டது.

கிளையார் கண்ணைத் திறக்கவில்லை. முகவாயைச் சற்று உயர்த்தி, வலது கன்னத்தை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.