துவக்கும் மோரும்

அக்காவின் லாசால் வீட்டைக் காலி செய்து வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுக்க வேண்டிய கடைசிக் கிழமை அது. சாமித்தட்டை நானே இறக்குகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிள்ளையார் படத்தைத் தூக்கியபோது அதன் பின்னால் ஒரு கைக்குட்டைப் பொட்டலம் இருந்தது. அவிழ்ப்பதற்கு முதலே மணம் வந்துவிட்டது. கற்பூரம், திருநீறு, இரண்டுக்கும் அடியில் மெசின் கிரீஸ். இந்த மூன்றும் சேர்ந்து மணக்கிற பொருள் உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். என்னுடைய துவக்கின் மோட்டர்.

துவக்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். மற்றத் தமிழர்கள் துப்பாக்கி என்பதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் துவக்கு என்கிறோம். ஆனால் நான் சொல்வது விளையாட்டுத் துவக்கு. ஏர்சாஃப்ட் என்று பெயர். பேட்டரியில் ஓடும். உளுந்திலும் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டைச் சுடும். உடம்பில் பட்டால் சுள்ளென்று கிள்ளும், அவ்வளவுதான். கண்ணுக்கு மட்டும் கட்டாயம் கண்ணாடி போட வேண்டும். வளர்ந்த மனிதர்கள் காட்டுக்குள் ஓடியோடி ஒருவரையொருவர் இதனால் சுட்டு விளையாடுகிறார்கள் என்று முதன்முதல் கேள்விப்பட்டபோது, இந்த நாட்டுக்காரருக்குத் துன்பம் போதாது போலிருக்கிறது, காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சொன்னவன் ஜில். லாசாலில் நான் முதல் வேலை பார்த்த கார்ட்போர்ட் பெட்டித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெசின்காரன். பிரெஞ்சு பேசுகிற இந்தக் கெபெக் மாகாணத்து நாட்டுப்புறத்தான், தாடி, வாய் ஓயாது. "ஒருநாள் வந்து பார்" என்று நச்சரித்துக் கூட்டிப்போனான். போய்ப் பார்த்துவிட்டு வந்த நான், அடுத்த மாதமே சொந்தத்தில் ஒன்றுக்கு ஓடர் கொடுத்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக் குணம்.

பார்சல் வந்த நேரம் வீட்டில் இருந்தது அக்கா. என்னை விடப் பதினான்கு வயது மூத்தவர், என்னை ஸ்பொன்சர் பண்ணி இந்த நாட்டுக்கு எடுத்தவர், சமைத்துப் போட்டவர். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் வேலையால் வந்தபோது அது குசினி மேசையில் கிடந்தது. அசல் துவக்குக்கும் அதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அக்கா சுவரோடு ஒட்டி நின்றார்.

அத்தானைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அக்காவின் புருசன். ஊரில், வீட்டு வாசலில் வைத்து, சாப்பிட்ட கை காயுமுன் சுட்டுவிட்டுப் போனார்கள். யார் சுட்டது, என்னத்துக்குச் சுட்டது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்காவும் அதற்குப் பிறகு யாரையும் கேட்டதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் அதை ஏன் வாங்கினேன் என்று கேட்பீர்கள். விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். என் மூளைக்குள் அது பிளாஸ்டிக்காக இருந்தது. அக்காவின் கண்ணில் அது அப்படி இருக்கவில்லை.

"அக்கா, எறியச் சொன்னால் இப்பவே எறியிறன்" என்றேன்.

அவர் நின்ற இடத்திலிருந்தே மேசையை எட்டிப் பார்த்தார். பிறகு, "உது கழருமோ?" என்று கேட்டார்.

"ஓம், கழரும்."

"அப்ப கழட்டி வை. இந்த வீட்டுக்குள்ள உது ஒரு நாளும் ஒண்டாக் கிடக்கக் கூடாது. துண்டு துவக்கில்லை. ஒண்டாக் கண்டனெண்டா அண்டைக்கே குப்பையில போட்டுடுவன், சொல்லிப்போட்டன்."

அதுதான் சட்டம். அன்றிலிருந்து குழல் வாசலில் குடைகளோடு நின்றது. பின்கட்டை என் அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு அடியில். நடுப்பெட்டி பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள். அதிலும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இது ஓட முக்கியமான சாமான் எது?" என்று விசாரித்து மோட்டரைக் கையில் வாங்கிக்கொண்டார். பிள்ளையாருக்குப் பின்னால் வைத்தார். விளையாடப் போகிற ஞாயிறுகளில் குளித்து விளக்கேற்றிவிட்டு மோட்டரைக் கொண்டுவந்து, பிரசாதம் தருவதுபோல என் உள்ளங்கையில் வைப்பார். "கண் கவனம்" என்பார். பின்னேரம் திரும்பி வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதல் மோட்டரைக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தால் எனக்கு ஒரு நன்மை வாய்த்தது. மற்றவர்கள் துவக்கு பழுதானால் கடைக்குக் கொண்டு ஓடுவார்கள். நானோ கிழமைக்குக் கிழமை கழற்றிப் பூட்டியவன். கண்ணை மூடிக்கொண்டே எந்த ஸ்குரூ எங்கே என்று சொல்லுவேன். நாங்கள் விளையாடுகிற காட்டோரத் திடலில் துவக்குகளுக்கு நான்தான் வைத்தியர்.

நடுப்பெட்டியை முதன்முதலாகப் பிளந்த நாளை மறக்கமாட்டேன். இவ்வளவு பயங்கரமான உருவத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரு சைக்கிள் பம்ப். சத்தியமாக. மோட்டர் சுற்ற, மூன்று குட்டிப் பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று பிடித்துச் சுற்றும். கடைசிச் சக்கரத்துக்குப் பாதி வட்டத்தில்தான் பல். பல் இருக்கும்வரை அது பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை நெரிக்கும். பல் முடிந்த இடத்தில் பிடி விட்டுப்போகும். பிஸ்டன் பாய, முன்னால் இருந்த காற்று குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் சங்கதி! ஒரு செக்கனுக்குள் இது பத்துப் பன்னிரண்டு தடவை நடக்கிறது. குழலின் அடியில் ஒரு சின்ன ரப்பர்த் துண்டு, குண்டின் முதுகைத் தடவி அதைப் பின்பக்கமாகச் சுழல விடுகிறது. அந்தச் சுழற்சியால் குண்டு சட்டென்று விழாமல் மிதந்து போகும். விரலில் உருட்டுகிற அந்த ரப்பரை யோசித்தவன் எப்படிப்பட்ட மனிதன்! கொல்லாமல் இருப்பதற்கு இவ்வளவு மூளையைச் செலவழிக்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

வாயைப் பிளந்துகொண்டிருந்ததில் ஸ்பிரிங்கைப் பிடிக்க மறந்துவிட்டேன். அது துள்ளிப் பறந்து அடுப்பில் இருந்த சொதிச் சட்டிக்குள் விழுந்தது. அக்கா அகப்பையால் எடுத்துத் தந்து, "கழுவிப் பூட்டு. உப்புக் காணுமோ எண்டும் பாத்துச் சொல்லு" என்றார். துவக்கு சம்பந்தமாக அவர் சொன்ன முதல் பகிடி அது.

நல்லாக ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இன்னும் தூரம் போக வேண்டும் என்ற ஆசையில் பலமான ஸ்பிரிங் ஒன்று வாங்கிப் போட்டேன். மூன்றாம் ஞாயிறு விசையை அழுத்தினால் மோட்டர் மட்டும் கீயென்று அழுகிறது, குண்டு வரவில்லை. திறந்து பார்த்தால் பிஸ்டனின் பிளாஸ்டிக் பற்கள் மொட்டையாகிப் பெட்டியெல்லாம் துருவின தேங்காய்போலக் கிடந்தன. இரும்புப் பல் வைத்த பிஸ்டன் எடுப்பித்துப் போட்டேன். சக்கரங்களுக்கு அடியில் கடதாசி போன்ற மெல்லிய வளையங்களை இட்டு ஆட்டத்தை எடுத்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் முழுசாகப் பூட்ட வேண்டும். வீட்டில் பூட்ட முடியாது. திடலுக்குத்தான் போக வேண்டும்.

அந்த ஞாயிறு கோயில் தேர். அக்கா வழக்கம்போலத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றினார். முடிந்து மிச்ச மோர்க் கானோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது மெல்லக் கேட்டேன். "அக்கா, அரை மணித்தியாலம். திடலில ஒருக்காப் பூட்டிப் பாத்திட்டுப் போவம். நீங்கள் காருக்குள்ளயே இருக்கலாம்."

"மோட்டர் வீட்டிலயெல்லோ?"

"காலமை விளக்கேத்திப்போட்டுப் பழக்கத்தில தந்தனீங்கள். பொக்கற்றுக்குள்ள கிடக்கு."

அவர் மோர்க் கானை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். பாலம் தாண்டி, லவால் தாண்டி, காட்டோரம் இருந்த அந்தத் திடலுக்கு வந்தோம். எனக்குள் பயம்தான். இதைக் கண்ணால் கண்டபின் துண்டாகக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் நான் எறிவேன். அதைவிட, பழையதெல்லாம் அவருக்குத் திரும்ப வந்துவிடுமோ என்றும் பயந்தேன்.

நான் மேசையில் துவக்கைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆடி வெயில். கார் சூடு தாங்காமல் அக்கா இறங்கி மரநிழலுக்குப் போயிருக்கிறார், கையில் மோர்க் கானோடு. அந்த நிழல்தான் குண்டு பட்டவர்கள் வந்து குந்துகிற இடம் என்பது அவருக்குத் தெரியாது. திடலின் முறை இதுதான்: குண்டு பட்டால் பட்டவனே சொல்ல வேண்டும். பார்க்க நடுவர் இல்லை. தலையில் சிவப்புத் துணியைப் போட்டு, கையைத் தூக்கி, "நான் செத்துவிட்டேன்" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். செத்தவனுக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் எழுதினால் இரண்டு எழுத்து. மோர்.

நிமிர்ந்து பார்க்கிறேன், காட்டுக்குள்ளிருந்து வேர்த்து விறுவிறுத்து நாலைந்து வெள்ளைக்காரர்கள் கையைத் தூக்கியபடி "மோர்! மோர்!" என்று வருகிறார்கள். அக்கா பிளாஸ்டிக் கப்பை எடுத்து ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறார். பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட மோர். அவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை விரிக்கிறார்கள், திரும்பவும் நீட்டுகிறார்கள்.

ஓடிப்போனேன். "தம்பி, பாவமடா பெடியள், தமிழிலயெல்லோ மோர் கேக்குதுகள்" என்றார் அக்கா.

"அது மோரில்லையக்கா. செத்துப்போனம் எண்டு சொல்லுகினம்."

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. வரிசையாகக் குந்தியிருந்தவர்களைப் பார்த்தார். "இவையெல்லாம் செத்தவையோ?"

"ஓம்."

"பேந்து?"

"விசில் ஊதினவுடன எழும்பித் திரும்பப் போவினம்."

அதற்குள் காட்டுக்குள்ளிருந்து ஜில் வந்தான். அக்காவை அவன் அப்போது கவனிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி மனிதரிடம் நேரே போய், தோளில் கை வைத்து, நோகிறதா என்று கேட்டான், "தெசொலே" என்றான். மன்னிப்புக் கேட்கிறான் என்பது அக்காவுக்கு விளங்கியது.

"உவர் ஏன் கேக்கிறார்?"

"உவர்தான் அவரைச் சுட்டவர். கிட்ட நிண்டு சுட்டவராம். அப்பிடிச் சுட்டா வந்து கேக்கோணும், அது இஞ்சத்தை முறை."

"சுட்டவரே வந்து கேக்கிறாரோ?"

"ஓம் அக்கா."

அக்காவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேர் இழுபடும்போது சில பேர் முகம் அப்படி ஆகும். கானைச் சரித்து அடிமோர் முழுவதையும் ஒரு கப்பில் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஜில்லுக்கு நீட்டினார். அவன் ஒன்றும் விளங்காமல் வாங்கிக் குடித்தான். விசில் ஊதியது. செத்தவர்கள் எழும்பி, சிவப்புத் துணிகளைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் காட்டுக்குள் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன். எத்தனையோ ஞாயிறு நானே செத்து எழும்பிப் போயிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது பாலத்தில்தான் வாய் திறந்தார். "எங்கட வாசலுக்கும் ஒருத்தன் எண்டாலும் வந்து கேட்டிருக்கலாம்."

வீட்டு வாசலில் நின்று, "அக்கா, எறியட்டோ?" என்று மட்டும் கேட்டேன். அவர் கையை நீட்டினார். "மோட்டரைத் தா."

பிறகு ஒவ்வொரு கோடையும் மாதத்தில் ஒருநாள் மோர்க் கானோடு திடலுக்கு வந்தார். அந்தப் பானத்தின் பெயரே மோர் என்று ஜில்லுக்குச் சொன்னபோது நிலத்தில் விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அக்கா அங்கே எல்லாருக்கும் "மதாம் மோர்". மரணத்தம்மா என்று அர்த்தம் வரும் என்று விளக்கினேன். "அவங்களுக்கு அப்பிடி, எங்களுக்கு இப்பிடி. ரெண்டும் சரிதானே" என்றார்.

கலியாணம் கட்டி நான் பியர்பொன்ட்ஸுக்கு வீடு மாறியபோது மற்றத் துண்டுகளையெல்லாம் எடுத்துப்போக விட்டார். மோட்டரை மட்டும் தரவில்லை. "இஞ்ச கிடக்கட்டும். வேணுமெண்டா வந்து வாங்கு." அதை வாங்கவும் கொடுக்கவும் ஞாயிறு தவறாமல் லாசாலுக்குப் போனேன். திடல் மூடிய பிறகும் கால் அந்தப் பக்கமே போனது. போனால் மோர் இருக்கும்.

இப்போது அந்தக் காட்டோரத்தில் வரிசை வீடுகள், கார்தெரி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். பெட்டித் தொழிற்சாலை இல்லை. ஜில் வடக்கே எங்கேயோ போய்விட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவைப் பற்றிச் சொன்னபோது நாகரிகமாக வேறு ஏதோ சொல்லைச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. மோர் என்று சொல்லியிருக்கலாம்.

கைக்குட்டைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, என் வீட்டு நிலக்கீழ் அறையில் எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பிப் பூட்டினேன். கை மறக்கவில்லை. பேட்டரியைச் செருகி விசையை அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். பார்சல் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் அது ஒன்றாகக் கிடந்தது. படிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழட்டி வை என்று சொல்ல யாரும் இறங்கி வரவில்லை. ஸ்குரூட்ரைவரை எடுத்து நானே கழற்றினேன்.