தண்ணீர் பேசாத இடம் தேடியவர்

செவ்வாய்க்கிழமை காலை மாதுங்காவில் எங்கள் கட்டிடத்து வாசலில் சகுபாய் வந்து நின்றார். டிராம்பே கோளிவாடா என்ற மீனவர் குப்பத்தில் சொந்தப் படகு வைத்திருக்கும் மீனவப் பெண்மணி. தலையில் கூடை இல்லை. கூடையில்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. "மிஸ்திரி கேலே" என்றார். மிஸ்திரி போய்விட்டார். "எங்கே?" என்று கேட்டேன். காலை ஏழரை மணிக்கு ஒரு மனிதர் போவதானால் வேலைக்குத்தானே போவார். சகுபாய் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கேட்ட கேள்வியின் அசட்டுத்தனம் எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

மூன்றே நாள் காய்ச்சல். சகுபாய் மிஸ்திரி என்று அழைக்கும் செல்லையா அண்ணாச்சி காலமாகிவிட்டார்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியவர் அவர். யுத்த காலத்தில் கப்பல்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தார். யுத்தம் முடிந்ததும், நான் குமாஸ்தாவாக இருக்கும் படகு இயந்திரப் பட்டறையில் சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எனக்கு ஸ்பானர் பிடிக்க வராது. ஆகவே நன்றாகவே ஒத்துப்போனோம். என்னைச் "சாமி" என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. எது எப்போது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. கெட்டுப்போன இயந்திரத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நிற்பார். அவர் தூங்குகிறார் என்றே எங்கள் முதலாளி நம்பினார். அவர் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

சகுபாயின் கணவர் முன்பொரு நாள் பனிமூட்டத்தில் திரும்பும்போது நீருக்கடியில் இருந்த பாறையில் படகு மோதி இறந்துபோனார். படகு பிழைத்தது. அதைச் செப்பனிட்டு, மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விடும் நாரளி பௌர்ணமிக்குக் கடலில் இறக்கப்போவதாக மகன் ராம்யா பிடிவாதம் பிடித்தான். ஒரே மகன். தாயார் எங்கள் பட்டறைக்கு வந்து, கீழே இருப்பதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டென்றால் மகன் போகலாம். இல்லையென்றால் படகை விறகுக்கு வெட்டிவிடுவேன் என்றார்.

அண்ணாச்சி அப்படி ஒன்றைப் போர்க்கப்பல்களில் பார்த்திருந்தார். கடிகாரம்போல் ஒரு முகம். அதில் சிவப்பு வெளிச்சம் சுற்றும். கீழே போன ஒலி தரையில் பட்டுத் திரும்பியதும் ஓர் எண்ணில் மின்னும். அத்தனை பாகம் ஆழம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். ஆனால் அதன் உயிர் அந்த முகத்தில் இல்லை. படகின் அடியில் பொருத்தும் பித்தளை வட்டில் இருக்கிறது.

"இதுக்கு வாயும் இதான், காதும் இதான் சாமி" என்றார். "ஒருவாட்டி கூப்பிட்டுட்டு, வாயை மூடிக்கிட்டுக் கேக்கும். நம்ம ஆபீசுல எவனுக்கு அது வருது?"

பழைய யுத்தச் சாமான்கள் விற்கும் இடத்தில் அந்தக் கடிகார முகம் ஒன்றும் இரண்டு வட்டுகளும் கிடைத்தன. ஒன்று அண்டா மூடி அளவு. மற்றொன்று சாப்பாட்டுத் தட்டு அளவு. பெரியதை வாங்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். எதையும் பெரியதாக வாங்கவேண்டும் என்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். அவர் சிறியதை எடுத்தார். பெரியது ஆழ்கடலுக்கு, அது போடும் கூச்சல் அடங்குவதற்குள் அருகிலுள்ள பாறையின் பதில் வந்து போய்விடும் என்றார். சகுபாய்க்குப் பயம் கரையோரத்துப் பாறையிடம்தான்.

வட்டைப் படகுக்கு உள்ளேயே வைத்து முதலில் சோதித்தார். இரும்புக் கப்பலுக்கு அது சரிப்படும். இங்கே பலிக்கவில்லை. மரம் சத்தத்தைத் தின்றுவிடுகிறதாம். அடிப்பலகையில் துளை போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கணவரைக் கொண்டுபோன படகில், மகன் ஏறப்போகும் படகில், ஓட்டை. இரண்டு நாள் சகுபாய் பட்டறைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, தாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதானால் போடலாம் என்றார்.

எங்கே போடுவது? குமிழி ஒலியை மறிக்கும், ஆகவே நுரைக்குமிழி ஓடாத இடத்தில் என்று ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். அண்ணாச்சி ராம்யாவைக் கழிமுகத்தில் படகை ஓட்டச் சொல்லிவிட்டு, அடித்தளத்தில் படுத்துப் பலகையில் காதை வைத்தார். ஒரு சாண் நகர்வார், கேட்பார், மறுபடி நகர்வார். மதியம் முழுவதும் இப்படியே போயிற்று. என்னையும் படுக்கச் சொன்னார். மீன் வாடை மூக்கைத் துளைத்தது. இருந்தும் காதை வைத்தேன். முன்பக்கம் யாரோ அரிசி களைகிற ஓசை. பின்பக்கம் படகைத் தள்ளும் விசிறியின் அருகில் கடுகு வெடிக்கிற ஓசை. நடுவுக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் எல்லாம் ஓய்ந்துபோயிற்று. ஒரு குளிர்ச்சி மட்டும் காதோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, எனக்கே தெரியாது. வீடு, ஆபீஸ், ரயில் எல்லாம் எங்கேயோ மேலே மிதந்தன.

"இங்கன தண்ணி பேசல சாமி" என்று சொல்லி, சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார்.

நீர் வற்றிய வேளையில் படகைச் சேற்றில் சாய்த்துத் துளையிட்டார். படகின் அடி சரிவாக இருந்ததால், வட்டு நேர் கீழே பார்க்கும்படி ஒரு மரக்கட்டையைச் சீவி அடைகொடுத்தார். தாரில் தோய்த்த பஞ்சால் சுற்றிலும் அடைத்தார். சகுபாய் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் படகு மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் சிவப்பு வெளிச்சம் வீணே சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் எண்ணிலும் மின்னவில்லை. விறகு வெட்டும் கோடாரி என் கண்முன் வந்து நின்றது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

நீர் வற்றியதும் குனிந்து பார்த்தோம். பித்தளையே தெரியவில்லை. எண்ணெயில் குழைத்த செந்தூரம் அடையாக அப்பிக் கிடந்தது. சகுபாயின் வேலை. படகுக்குப் புதிதாகக் கண் திறந்திருக்கிறது, பொட்டில்லாமல் கடலுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். ஆசை மிகுதியில் நாலு பூச்சுப் பூசியிருக்கிறார். அண்ணாச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ என் பக்கம் திரும்பினார்.

"மை வைக்கது இமையிலதான், கருமணியில இல்லன்னு சகுபாய்கிட்டச் சொல்லுங்க சாமி. புள்ளைக்குப் பாக்கணும்லா."

மராத்தியில் சொன்னேன். சகுபாய் தம் புடவைத் தலைப்பாலேயே வட்டைத் துடைத்தார். சுற்றியிருந்த மரக்கட்டையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார். அடுத்த நீரேற்றத்தில் படகு மிதந்தபோது சிவப்பு வெளிச்சம் மூன்றில் மின்னியது. ராம்யா கழி போட்டுப் பார்த்தான். மூன்றேதான். சகுபாய் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மீன் வாடை என்று சொல்லி மழுப்பினேன்.

அதன் பிறகு எத்தனையோ பனிமூட்டத்தில் ராம்யா திரும்பி வந்துவிட்டான். யாராவது அதைச் சொல்லிப் புகழ்ந்தால், "நான் ஓட்டைதான போட்டேன்" என்று அண்ணாச்சி நகர்ந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை அஸ்தியைக் கரைக்க அந்தப் படகையே சகுபாய் கொண்டுவந்தார். கழிமுகம் தாண்டியதும் அண்ணாச்சியின் தம்பி மண்கலயத்தை எடுத்தார். சகுபாய் கையமர்த்தி, மகனிடம் ஆழம் கேட்டார். நான்கு பாகம் என்றான்.

"இன்னும் போ" என்றார் சகுபாய். "இங்கே படகெல்லாம் அவர்மேல் உரசும்."

பாறை தட்டாமலிருக்கப் பொருத்திய கருவியைப் பார்த்துப் பார்த்து, அண்ணாச்சிக்காக ஆழம் தேடிப் போனோம். ஏழு. பத்து. பதினான்கில் சகுபாய் தலையசைத்தார். ராம்யா இயந்திரத்தை நிறுத்தினான். காற்றே இல்லை, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். படகை ஒட்டிக் கலயத்தைத் தம்பி நழுவவிட்டார்.

பதினான்கில் மின்னிக்கொண்டிருந்த வெளிச்சத்துக்கு மேலே இன்னொரு சிறு மின்னல் தெரிந்தது. இரண்டில். பிறகு ஐந்தில். ஒன்பதில். கலயத்தின் மின்னல் மெல்ல இறங்கிப் பதினான்கோடு கலந்துவிட்டது.

"சேர்ந்துவிட்டார்" என்றார் சகுபாய்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. பதினான்கு பாகம். எந்தப் படகும் உங்கள்மேல் உரசாது.