கழுத்துப் பட்டியில் என் பெயர்

இன்று எங்கள் தேவாலயச் சபையாரோடு, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் கஷ்டப்படும் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பத்தைச் சந்திக்கப் போனோம். அம்மா எனக்குச் சிறிதாகிவிட்ட குளிர் ஜக்கெட்டைக் கொண்டுவந்தார்.

கதவைத் திறந்தது என் வகுப்பு ஜோய்!

ஜக்கெட்டின் கழுத்துப் பட்டியில் என் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தொலையாமலிருக்க அம்மாதான் எழுதியிருந்தார்.

"பேரை அழிச்சிருக்கலாமே அம்மா."

"ஐயோ, மறந்துபோனன் பிள்ளை."

ஜோய் அதை வாசித்தாள். இனி என்னோடு கதைக்கவே மாட்டாள் என்று பயந்தேன்.

அவளோ போட்டுப் பார்த்துவிட்டு டெனிஷில் சொன்னாள்: "இதை நான் தொலைச்சால் ரீச்சர் உன்னட்டைத்தான் குடுப்பா. நீதான் திரும்ப எங்கட வீட்டுக்குக் கொண்டுவரவேணும். வந்தால் சாப்பிடாமல் விடமாட்டம்."

அம்மா இப்போது ஜோய்க்குக் கொடுக்க என் பழைய சப்பாத்தை எடுத்து வைக்கிறார். அதிலும் என் பெயர் இருக்கிறது. அழிக்கவா, விடவா?