போடியாரை நான் பிடித்த பிடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். குருக்கள்மடத்து மாமி. மாங்கேணியில் தோணி வைத்திருந்த மீன்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர். ஏறாவூர்த் தையல்காரர். நடுவில் பயிற்சி மிஸ். யன்னலோரம் சக்கர நாற்காலியில் போடியார். அவருக்குப் பின்னால் நான்.

வாவிக்கரை முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. போடியார் வயல் நிறைய வைத்திருந்தவர்; அதனால்தான் அந்தப் பெயர். இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்தார். எலும்பு பொருந்திவிட்டது, நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியும் நடக்கவில்லை. நான் தூக்கினேன். கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து குளியலறைக்கு. நாலு வருடம். வேறு யாரும் தொட்டால் ஏசுவார். என் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு, பிள்ளை மாதிரித் தலையைச் சாய்த்துக்கொள்வார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தான் தூக்கினேன் என்று இப்போது தெரிகிறது.

பிறகு மிஸ் வந்தார். செவ்வாயும் வெள்ளியும். சின்ன வயது, நல்ல சிரிப்பு. இருந்த இடத்திலேயே இருந்தால் உள்ள பலமும் போய்விடும் என்று எல்லாரையும் கை கால் அசைக்க வைத்தார். அவர் வரும் நாளில் மாமி தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக் கட்டுவார். மீன்காரர் சட்டை மாற்றுவார். நான் தினமும்தான் வருகிறேன்; எனக்காக யாரும் சட்டை மாற்றியதில்லை. போடியார் மட்டும் பயிற்சிக்குப் போகவில்லை. விழுந்தால் இடுப்பு திரும்பவும் முறியும் என்று நான்தான் அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்று மிஸ் இரண்டு துவாய்களை முறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் கொளுவி, எதிரெதிரே இருந்து இழுக்கச் சொன்னார். கைக்குப் பலமாம்.

"இது கொம்பு இழுப்புத்தானே கா!" என்றார் மீன்காரர்.

அவ்வளவுதான். கண்ணகை அம்மன் சடங்கில் வளைந்த கொம்பு இரண்டைக் கொளுவி இழுக்கும்போது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகும். பிறந்த சேரி சாகும்வரை மாறாது. கையை உயர்த்தச் சொன்னால் முனகுகிறவர்கள், சேரி கேட்டுக் கேட்டுக் கதிரையை மாற்றிப் போட்டார்கள். மாமியும் தபால்காரரும் தென்சேரி. மீன்காரர் வடசேரி.

"எனக்குச் சேரியுமில்ல, கீரியுமில்ல. ஆள் குறைஞ்ச பக்கம் இருக்கன்," என்று தையல்காரர் மீன்காரர் பக்கம் போனார்.

தென்சேரி இரண்டு தரம் வென்றது. மாமி யன்னல் பக்கம் திரும்பினார். போடியார் வடசேரி என்று அவருக்குத் தெரியும்.

"வடசேரியில ஆள் இருக்கு. ஆம்பிளையத்தான் காணல்ல!"

"தள்ளு கா என்னை," என்றார் போடியார். தள்ளிக்கொண்டு போனேன். துவாயைப் பிடித்தார். மாமி இழுத்த இழுப்பில் நாற்காலி உருண்டு மாமியின் முழங்காலில் போய் முட்டியது.

"வண்டிலோட வாறாரு மாப்பிள்ளை!" என்றார் மாமி.

கூடம் முழுக்கச் சிரித்தது. போடியார் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி எழும்பினார்.

நான் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைகொடுத்து அமர்த்தினேன்.

"விடு கா!"

இன்னும் அமர்த்தினேன்.

"விடு கா! நீ தென்சேரியான்தானே, அதுதான் பிடிக்கிறாய்!"

நான் பிறந்தது தென்சேரிதான். இன்னும் சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்காமல், "விடுங்க அண்ணா," என்றார். விட்டேன். போடியார் நின்றார். மிஸ் பக்கத்தில் நிற்க, நின்றபடியே இழுத்தார். வடசேரி வென்றது.

விழுந்துவிடுவார் என்று பயந்து பிடித்ததாகப் பிறகு சொன்னேன். பொய். அவர் எழும்புவதை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது போடியார் நாலுகால் ஊன்றுகோலோடு கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு நடக்கிறார். நான் இரண்டு முழம் பின்னால் போக வேண்டும். தொடக்கூடாது. மூச்சு வாங்க நிற்கும்வரை எத்தனை அடி வைத்தார் என்று எண்ணி மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரமும் ஐந்தாறு குறைத்துச் சொல்லி வந்தேன். மிஸ்ஸுக்கு அவ்வளவு பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. மிஸ் கொப்பியோடு மேசையடியில் நின்றார். போடியார் முதல்முறையாக இடையில் நிற்காமல் வந்து மேசையைப் பிடித்தார். கழுத்தெல்லாம் வேர்வை. மிஸ்ஸைப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எத்தினை?"

குறைக்காமல் சொன்னேன்.

நாற்பத்தாறு.